வீட்டுக்காரர் கண்முன்னே

பஸ்தியாம்பிள்ளையின் வீட்டுக்கு நான்கு சில்லுகள் இருந்தன. அதை வீடு என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அது ஒரு பழைய அம்புலன்ஸ். வெள்ளைக்காரக் கடற்படை திருக்கோணமலையை விட்டுப் போன வருடம் ஏலத்துக்கு வந்தது. அதுவரை அவர் படைமுகாம்களுக்கு மெத்தை தைத்துக்கொடுத்துக் காலம் தள்ளியவர். துரைமார் கப்பலேறியதும் தைப்பதற்கு மெத்தையும் இல்லை, இருப்பதற்கு முகாமுக்குள் கொடுத்திருந்த அறையும் இல்லை. ஊரெல்லாம் ஏலத்தில் கதிரையும் அலுமாரியும் கட்டிலும் வாங்க முண்டியடித்தபோது, இந்த மனிதர் கையிலிருந்ததை எல்லாம் கொட்டி அம்புலன்சை வாங்கினார். மனைவி ஞானமலர் அன்றைக்கு அழுத அழுகை துறைமுகத்துக்கே கேட்டிருக்கும்.

பக்கவாட்டிலிருந்த சிவப்புச் சிலுவையின்மேல் பச்சைப் பெயின்ற் அடித்தார். மழையில் நனைந்தால் சிலுவை மறுபடி தெரியும். புதிதாக ஓர் ஊருக்குள் நுழைந்தால், யாருக்கு என்ன வருத்தமோ என்று பெண்கள் பதறிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். பின்கதவு திறந்து நோயாளிக்குப் பதிலாகத் தையல் மெசின் இறங்கும். அதன் பின்னால் தும்பு மூட்டை, பஞ்சு மூட்டை, மண்ணெண்ணெய் அடுப்பு, கடைசியாக ஞானமலர், அவளுக்குப் பின்னால் மகள் கிறிஸ்டின். வேலை கொடுத்தவர் வீட்டு வளவில் தார்ப்பாய்ப் படங்கு ஒன்றைக் கட்டி, ஒரு கிழமையோ பத்து நாளோ அங்கேயே தங்கி, மெத்தை தலையணை எல்லாம் தைத்துக்கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். மூதூர், கிளிவெட்டி, கிண்ணியா, பிறகு திருக்கோணமலைப் பட்டினம், சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி. திரும்ப அதே வழியால் கீழே. பன்னிரண்டு வருடமாக இதுதான் அவர்களுடைய வட்டம். கிறிஸ்டினுக்கு இப்போது பதினைந்து வயது. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சில்லில்லாத வீடு கிடையாது.

பஸ்தியாம்பிள்ளையிடம் ஒரு சட்டம் இருந்தது. பழைய மெத்தையோ தலையணையோ பிரிப்பதென்றால் வீட்டுக்காரர் கண்முன்னேதான் பிரிப்பார். வீட்டில் ஒருவர் வந்து கதிரை போட்டு உட்கார வேண்டும். அதன் பிறகுதான் கத்தி தையலில் படும். ஏனென்றால் சனங்கள் தலையணைக்குள் என்னவெல்லாமோ வைப்பார்கள். வைத்துவிட்டு மறந்தும் போவார்கள். ஒற்றைத் தோடு வந்திருக்கிறது, காணி உறுதி வந்திருக்கிறது, ஒருமுறை கிளிவெட்டியில் ஒரு பல்செட் வந்தது. அதன் சொந்தக்காரர் இரண்டு வருடமாகப் பொக்கை வாயோடு மருமகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர்.

இந்தச் சட்டம் நல்ல சட்டம்தான். மனிதருக்கு அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதுதான் வியாதி. போகிற வீடெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்கட வண்டிக்குள்ள அடுத்தவன்ர நூல் முடிச்சும் இராது, வேணுமெண்டால் ஏறிப் பாருங்கோ" என்பார். யாரும் ஏறிப் பார்த்ததில்லை. தேநீரைக் கொடுத்து, ஓம் ஓம் என்று கேட்டுக்கொள்வார்கள். ஞானமலர் மெசினுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, தொடங்கிவிட்டார் என்று மகளுக்குக் கண்ணைக் காட்டுவாள்.

அறுபத்தொன்பதாம் ஆண்டு மார்கழி. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு கிண்ணியாவில் நெல் வியாபாரி ஸெய்னுதீன் வீட்டில் கலியாணம். மூத்த மகளுக்கு. அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பவர், ஆகவே பெண் வீட்டார் கட்டில் மெத்தையிலிருந்து திரைச்சீலை வரைக்கும் புதிதாகச் செய்து வைக்கவேண்டும். இரண்டு மெத்தை, எட்டுத் தலையணை. அதோடு ஸெய்னுதீனின் மனைவி ரபீக்கா, வீட்டிலிருந்த நான்கு பழைய தலையணைகளையும் பிரித்துத் தைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். கலியாண வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள், கட்டிப்பட்ட தலையணையில் எப்படிப் படுக்கவிடுவது?

அங்கே தங்கியிருந்த ஒன்பது நாளில் கிறிஸ்டினுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தாள். மணப்பெண்ணின் தங்கை பல்கீஸ். ஒரே வயது. பஞ்சு ஆய்கிற சாக்கில் இரண்டு பேரும் படங்குக்குக் கீழே உட்கார்ந்து கதைத்துத் தீர்ப்பார்கள். மகள் இப்படிச் சிரித்து பஸ்தியாம்பிள்ளை கண்டதில்லை. ஓர் ஊரில் கூட்டாளி பிடித்தால் அடுத்த கிழமை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆகவே பிடிப்பதில்லை. இந்த முறை பிடித்துவிட்டாள்.

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. மாரி மழை. படங்கு பொத்தல் விட்டு ஒழுகியது. பஞ்சு நனைந்தால் தொலைந்தது கதை. பழைய தலையணை நான்கும் இன்னும் பிரித்தபாடில்லை. வீட்டுக்குள்ளே பெண்கள் பலகாரம் சுடுகிறார்கள், ஆண்கள் பந்தல்காரரோடு சண்டை பிடிக்கிறார்கள், கதிரை போட்டு உட்கார யாருக்கு நேரம்? அவர் தலையணைகளை அம்புலன்ஸ் வானுக்குள் எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, தானே பிரித்தார். ஞானமலர் மட்டும் கேட்டாள்.

"ரபீக்கா ராத்தாவை ஒருக்காக் கூப்பிடட்டே?"

"இந்த மழைக்க அவவை எங்க வந்து இருக்கச் சொல்லுறது? நாலு தலையணைதானே. எங்களை ஆர் சந்தேகப்படப் போகினம்?"

தன்னுடைய பெயர் அவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று மனிதருக்கு நினைப்பு. தலையணைக்குள் பஞ்சைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. கிறிஸ்டின் ஆய்ந்துகொடுக்க, அவர் அடைக்க, ஞானமலர் தைத்தாள். பின்னேரத்துக்குள் நான்கும் முடிந்தது.

அடுத்த நாள் காலை மழை விட்டிருந்தது. கூலி வாங்கியாயிற்று, சாமான் எல்லாம் ஏற்றியாயிற்று. அப்போதுதான் ரபீக்கா வானடிக்கு வந்தாள். சொல்வதா விடுவதா என்று சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, கோவிக்காதீங்க. ஒரு கத கேக்கணும். அந்தப் பழைய தலாணியள்ல ஏதும் இரிந்திச்சா? எண்ட சங்கிலி ஒண்ட அதுக்குள்ள வெச்ச மாதிரி ஒரு ஞாபகம். புயலடிச்ச வருஷம் வெச்சது. எனக்கும் நிச்சயமில்ல. வேற எங்கயும் இரிக்கும். சும்மா கேட்டேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஒன்றும் வரவில்லை ராத்தா, தேடிப் பாருங்கோ, அகப்படும் என்று சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். பஸ்தியாம்பிள்ளைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. முகமெல்லாம் இரத்தம் ஏறியது. பன்னிரண்டு வருடமாகச் சொல்லித் திரிந்த சட்டத்தை நேற்று ஒருநாள் விட்டார், அந்த ஒருநாளே கழுத்தில் வந்து விழுந்துவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து ஸெய்னுதீனும் வந்தார், கலியாண வேலைக்கு வந்திருந்த ஆட்கள் ஏழெட்டுப் பேரும் என்ன சங்கதி என்று எட்டிப் பார்த்தார்கள்.

அவர் வானுக்குள் ஏறினார். ஏறியவர் கண்ணில் பட்டது, கிறிஸ்டின் தன்னுடைய றங்குப் பெட்டிக்குள் எதையோ அவசரமாகச் செருகி மூடியது.

"என்னத்தை ஒளிச்சனி?"

"ஒண்டுமில்லை அப்பா."

"என்னத்தையடி ஒளிச்சனி?"

"இது என்ர, அப்பா. வேற ஒண்டுமில்லை."

அவள் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அந்தக் கையைத்தான் அவர் பார்த்தார். அவளுடைய முகத்தைப் பார்த்திருக்கலாம். பதினைந்து வருடம் பார்த்த முகம். அதைப் பார்க்காமல், பளார் என்று கன்னத்தில் ஒன்று விட்டார். கதவு திறந்திருந்தது, வெளியே நின்ற அத்தனை பேருக்கும் சத்தம் கேட்டது. ஞானமலர், "ஐயோ இஞ்சருங்கோ, விசரா உங்களுக்கு?" என்று குறுக்கே வந்தாள். அவளையும் தள்ளிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"அண்ணே, என்ன வேல இது! வேணாம், வெய்யிங்க," என்றார் ஸெய்னுதீன். "நாங்க ஒண்டும் செல்லல்லயே."

"இல்லை முதலாளி. பாக்கவேணும். எல்லாரும் பாக்கவேணும். என்ர வண்டிக்க அடுத்தவன்ர நூல் முடிச்சும் இராது."

ஈரம் காயாத மண்ணில் பெட்டியைக் கவிழ்த்தார். இரண்டு சட்டை விழுந்தது, ஒரு பாவாடை விழுந்தது, செபமாலை விழுந்தது. துவாயொன்றில் சுற்றி வைத்திருந்த, ஒரு பெண்பிள்ளை தாய்க்கும் காட்டக் கூச்சப்படுகிற துணிகள், சுற்று அவிழ்ந்து பந்தல்காரரின் காலடியில் பரவின. ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பாதவர்களும் இருந்தார்கள். கடைசியாக ஒரு கொப்பி விழுந்தது. இதைத்தான் அவள் ஒளித்தது. எதையும் மறைக்கவில்லை என்று ஊருக்குக் காட்டுகிற வெறியில் மனிதர் அதையும் எடுத்து விரித்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் உரத்து வாசித்தார்.

"என் அன்புள்ள பல்கீசுக்கு, மறக்காமல் எழுதவும். செல்வி கிறிஸ்டின், இலக்கம் பன்னிரண்டு, லிங்கநகர், திருக்கோணமலை."

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்பது அவருக்கு உறைத்தது. அதோடாவது விட்டாரா? வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

"இதார்ர விலாசம்?"

கூட்டத்தில் ஒருவன் அம்புலன்சைப் பார்த்தான். பிறகு கிறிஸ்டினைப் பார்த்தான். "லிங்கநகர் வீட்டுக்கு நாலு சில்லு போல," என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஸெய்னுதீன் திரும்பி, "வாயப் பொத்துங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டார். வாசலில் பல்கீஸ் நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய கண் நிறைந்திருந்தது. அவள் உள்ளே ஓடிப் போனாள், அதைப் பார்த்துக்கொண்டே கிறிஸ்டின் வானின் படியில் அசையாமல் நின்றாள். ஒரு கன்னம் மட்டும் சிவந்திருந்தது.

சங்கிலி பெட்டிக்குள் இல்லை. வானுக்குள் வேறு எங்கும் இல்லை. ஞானமலர் குனிந்து ஒவ்வொரு துணியாகப் பொறுக்கினாள். ரபீக்காவும் அழுதுகொண்டே கூடக் குனிந்தாள்.

கிண்ணியாத் துறையில் பாதைக்குக் காத்து நின்றார்கள். வாகனங்களை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவையை அந்தப் பக்கத்தில் பாதை என்றுதான் சொல்வார்கள். முன்னால் இரண்டு லொறிகள். பாதை அக்கரையில் நின்றது. பஸ்தியாம்பிள்ளை ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தார். பின்பக்கம் தாயும் மகளும் இருக்கும் சத்தமே இல்லை. அழுதாலாவது பரவாயில்லை என்றிருந்தது. அடித்த கை கனத்தது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பாதை இக்கரைக்குத் திரும்புகிற நேரம் ஸெய்னுதீன் சைக்கிளில் மூச்சுவாங்க வந்து சேர்ந்தார். கலியாண வீட்டுக்காரர், அத்தனை வேலைக்குள்ளும் தானே வந்திருந்தார்.

"அண்ணே, சங்கிலி கிடச்சிட்டு. அலுமாரிக்கு மேல ஒரு பழைய சீனிப் பேணி. அதுக்குள்ள வெச்சிட்டு இவ தலாணி தலாணி எண்டு நினச்சிரிக்கா. மன்னிச்சுக்கங்க."

பஸ்தியாம்பிள்ளைக்கு ஒரு கணம் நெஞ்சு இலேசானது. அதையும் சொல்லத்தான் வேண்டும். தன்னுடைய பெயர் தப்பியது என்றுதான் மனிதருக்கு முதலில் தோன்றியது. "நான் சொன்னனான்தானே முதலாளி!" என்று சொல்லியும் விட்டார். ஸெய்னுதீன் அவரை ஒருமாதிரிப் பார்த்தார்.

"நாங்க உங்களச் சந்தேகப்படல்ல அண்ணே," என்றார் மெதுவாக. "அந்தப் புள்ளயச் சந்தேகப்பட்டது நாங்களில்ல."

பிறகு கலியாணத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றார், வரமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். காகிதத்தில் சுற்றிய ஒரு சட்டைத் துணியை, பல்கீஸ் கொடுத்தனுப்பியது என்று பின்கதவால் நீட்டினார். கிறிஸ்டின் எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பாதையில் ஏறி நடுத்துறைக்கு வந்தபோது அவர் இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். ஞானமலர் பக்கத்தில் வந்தாள்.

"லிங்கநகர் பன்னிரண்டு ஆர்ர வீடு?" என்று கேட்டார்.

"போன மாரியில தலையணை தைச்சமே, ஒரு ரீச்சர் வீடு. மழையெண்டு அந்த மனுசி இவளை உள்ளுக்குக் கூப்பிட்டுக் கட்டில்ல படுக்கவிட்டவ. ரெண்டு நாள். பச்சை யன்னல் வைச்ச அறை. அதுக்குப் பிறகு ஆர் விலாசம் கேட்டாலும் அதைத்தான் சொல்லுறாள்."

"உனக்குத் தெரியுமே?"

"தெரியும். எல்லாருக்கும் ஒரு விலாசம் வேணும். அம்புலன்ஸ் எண்டு எழுதினால் தபால்காரன் கொண்டுவருவானே?"

அவர் சிலுவை தெரியாமலிருக்க வருடத்துக்கு ஒருமுறை பச்சைப் பெயின்ற் அடித்து, இதைவிட என்ன வேண்டும் ஒரு குடும்பத்துக்கு என்று பெருமை பேசித் திரிந்தவர். அந்தப் பெருமைக்குள் மகள் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள், அவருக்கு அது தெரியாமலே போயிருக்கிறது. இப்போது ஊருக்கே தெரியும்.

"போய் அவளோட கதைக்கிறன்," என்றார்.

"இஞ்ச பாருங்கோ." ஞானமலரின் குரல் தாழ்வாகத்தான் இருந்தது. "ஊருக்கு முன்னால அடிச்சனீங்கள், ஊருக்கு முன்னால கொட்டினனீங்கள். ஊருக்கு முன்னாலதான் பிழையெண்டு சொல்லவேணும். வானுக்குள்ள வந்து தலையைத் தடவிவிட்டுப் போறது சரிவராது. நான் விடமாட்டன்."

"ஊரெண்டால் எந்த ஊர்? கிண்ணியாவுக்குத் திரும்பிப் போகச் சொல்லுறியே?"

"எந்த ஊரெண்டாலும் சரி. நாலு சனம் நிக்கட்டும். அவளும் நிக்கட்டும். என்னில பிழை, பிள்ளையில பிழையில்லை எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். நாலு சொல். ஒரு மெத்தை தைக்க ஆயிரம் தையல் போடுகிற மனிதருக்கு இந்த நாலு சொல் என்ன பெரிய பாரம்? சொல்கிறேன் என்று தலையாட்டினார். மனதாரத்தான் ஆட்டினார்.

பட்டினத்தில் நத்தார்ப் பண்டிகைக்கு மாதா கோயில் வளவில் வானை நிறுத்தியிருந்தார்கள். பூசை முடிந்து சனம் கலைகிற நேரம் சொல்லிவிடுவது என்று நினைத்தார். பத்துப் பதினைந்து பேர் அறிந்தவர்கள் நின்றார்கள், கைகொடுத்தார்கள், வாழ்த்துச் சொன்னார்கள். நத்தாரும் அதுவுமாக இதையா கதைப்பது என்று விட்டுவிட்டார். கிறிஸ்டின் போன வருடத்துச் சட்டையோடு நின்றாள். பல்கீசின் துணியை அவள் தைக்கவில்லை, ஞானமலர் கேட்டதற்கு, பிறகு பார்ப்போம் அம்மா என்றாளாம்.

லிங்கநகர் வழியாகப் போகும்போது வேகத்தைக் குறைத்தார். ரீச்சர் வீட்டுப் பச்சை யன்னல் தெரிந்தது. உள்ளே போய், என்னுடைய மகள் உங்களுடைய விலாசத்தைத் தன்னுடையதென்று எழுதிவிட்டாள், அதற்காக நான் அவளை வெட்கப்படுத்திவிட்டேன் என்று சொல்லலாம் என்று ஓர் எண்ணம் வந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கிறிஸ்டின் மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவர் காலை அழுத்தினார், வான் போய்விட்டது.

மகள் அவரோடு கோபமாக இருக்கிறாள் என்றும் சொல்ல முடியாது. கூப்பிட்டால் வருவாள். தேநீர் கொண்டுவந்து வைப்பாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். முன்பெல்லாம் அவர் பெருமை பேசத் தொடங்கினால் தாயைப் பார்த்துச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு மட்டும் இல்லை. அவரும் பெருமை பேசவில்லை. நூல் முடிச்சுக் கதை நாக்கு நுனிக்கு வந்தாலே மண்ணில் பரவிக் கிடந்த துணிகள் கண்ணுக்கு முன்னால் வரும்.

தைப்பொங்கலுக்கு முன் சாம்பல்தீவில் புஸ்பராணி என்பவளுடைய வீட்டில் வேலை. அவளுடைய புருசனுக்குச் சொந்தமாக வள்ளம் உண்டு. பொங்கல் கழிந்ததும் தங்கைக்குக் கலியாணம். மூன்று தும்பு மெத்தையும் ஆறு தலையணையும் ஒரு கிழமையில் முடிந்தது. பழைய தலையணைகளைப் புஸ்பராணியைக் கதிரையில் உட்கார வைத்தே பிரித்தார். 

கடைசி நாள் காலை அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் மெத்தை பார்க்க வந்திருந்தார்கள். கையால் அமுக்கிப் பார்ப்பதும், தங்களுடைய வீட்டுக்கும் வரச் சொல்லிக் கேட்பதுமாக முற்றம் கலகலத்தது. கூலி வாங்கியாயிற்று, மெசினை ஏற்றியாயிற்று. நாலு சனம் நிற்கிறது என்று பஸ்தியாம்பிள்ளை மனதுக்குள் எண்ணினார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது? தொண்டையைச் செருமினார். அப்போது கிறிஸ்டின் வானிலிருந்து இறங்கி வந்தாள். கையில் றங்குப் பெட்டி.

முற்றத்தில் ஒரு பாயை விரித்தாள். அவருக்கு நேர் எதிரே பெட்டியை வைத்துத் திறந்தாள். சட்டை இரண்டையும் எடுத்துப் பாயில் வைத்தாள். பாவாடையை வைத்தாள், செபமாலையை வைத்தாள். துவாயில் சுற்றிய துணிகளை, சுற்றவிழ்த்து, ஒவ்வொன்றாக வைத்தாள். காகிதம் பிரிக்காத பல்கீசின் துணியை வைத்தாள். கொப்பியை விரித்து வைத்தாள். அதில் விலாசம் எழுதிய தாள் கிழித்திருந்தது. பல்கீசின் துணியைத் தவிர, கிண்ணியாவில் விழுந்த அதே ஒழுங்கு. பிறகு எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பாருங்கோ அப்பா. வீட்டுக்காரரும் நிக்கினம்."

குரலில் கோபமில்லை, குத்தலில்லை. தேநீர் ஆறுகிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். 

"இதென்ன பிள்ளை?" என்று கேட்டாள் புஸ்பராணி.

"எங்கட அப்பாவின்ர சட்டம், அக்கா. எதைப் பிரிச்சாலும் வீட்டுக்காரருக்கு முன்னாலதான் பிரிக்கவேணும். போகேக்கை நீங்களும் ஒருக்காப் பாத்திட்டால் பிறகு ஒருத்தருக்கும் கரைச்சலில்லை."

புஸ்பராணி வாயில் கைவைத்தாள். பக்கத்துப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய முகம் மலர்ந்தது.

"கேட்டியளே! இந்தக் காலத்தில இப்பிடியும் ஒரு நேர்மையோ! அண்ணை, பிள்ளையை எவ்வளவு அருமையா வளர்த்திருக்கிறியள். நீங்கள் பழக்கின பழக்கந்தானே இது?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். வானின் பின்கதவடியில் நின்று மெசின் சக்கரத்துக்குத் துணி கட்டிக்கொண்டிருந்த ஞானமலர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கிறிஸ்டினும் பார்த்தாள். கிண்ணியாவை விட்டு வந்த பிறகு மகள் அவருடைய முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது என்பது அவருக்கு விளங்கியது. பிழையைச் சொல்ல ஓர் இடம் விட்டுத் தந்திருக்கிறாள், ஏறி வரச் சொல்கிறாள் என்பதும் விளங்கியது. அந்த நாலு சொல்லும் வாய்வரைக்கும் வந்தன. நாலு பெண்கள் மரியாதையோடு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டு வருடம் இந்த மரியாதைக்காகத்தான் மனிதர் வாயடித்துத் திரிந்தது. அது இன்றைக்குக் கேட்காமலே வந்து முன்னால் நின்றது.

"ஓம்," என்றார் பஸ்தியாம்பிள்ளை. "நான் பழக்கினதுதான்."

சொல்லி முடிக்கவில்லை, உடம்பெல்லாம் வெட்கம் பற்றியது. அடித்ததைவிட, கொட்டியதைவிட, இதுதான் பெரிய அநியாயம் என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லைத் திரும்ப எடுக்க வாயைத் திறந்தார். அதற்குள் கிறிஸ்டின் பார்வையை எடுத்துவிட்டாள். குனிந்து துணிகளை மடித்தாள், துவாயில் சுற்றினாள், கொப்பியை அடியில் வைத்தாள், பெட்டியை மூடினாள். புஸ்பராணி அவளுடைய தலையைத் தடவி, கை நிறையப் பலகாரம் கொடுத்தாள். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

ஞானமலர் மெசினுக்குப் படங்கை இழுத்து மூடிவிட்டு, பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவர் முன்னால் போய் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். மூன்றாம் தரம்தான் எஞ்சின் பிடித்தது. பெண்கள் படலை வரைக்கும் வந்து கையசைத்தார்கள்.

நிலாவெளியிலும் வேலை முடிந்த அன்று அவள் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். குச்சவெளியிலும் திறந்தாள்.